வெள்ளம் வடிந்த தெருவை மீட்பது எப்படி: தூத்துக்குடியில் கற்ற வரிசை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. மழை விட்ட பிறகும் தூத்துக்குடியில் முத்தம்மாள் காலனி, ராஜீவ் நகர், பிரையண்ட் நகர் பக்கம் தேங்கிய தண்ணீர் போக நாள்கணக்கில் ஆனது. அந்த மாதமும் அடுத்த மாதமும் எங்கள் தெருவிலும் அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் வேலை செய்தேன். வேலை தெரியாமல் கெட்டவர்கள் குறைவு. தெரிந்த வேலையை முன்பின்னாகச் செய்து கெட்டவர்கள்தான் அதிகம். சுவரைக் கழுவி முடித்த பிறகு ஃபோட்டோ எடுக்கத் தேடினார்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு அப்புறம் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். அதனால் இங்கே எதற்குப் பின் எது என்பதற்கே அதிக இடம்.

1. முதலில் நான்கு பேர், ஒரு நோட்டு

வீடு வீடாகத் தனித்தனியே வேலை செய்தால் தண்ணீர் லாரி முதல் வீட்டிலேயே காலியாகும், குப்பை வண்டி கடைசி வீட்டுக்கு வராது. தெருவை ஒரே வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். ஃபோன் பேச ஒருவர், நோட்டு எழுத ஒருவர், சாமான் வாங்கிப் பிரித்துக் கொடுக்க ஒருவர், வயதானவர்கள் இருக்கும் வீடுகளை மட்டும் பார்க்க ஒருவர். நால்வர் போதும். பத்துப் பேர் கூடினால் பேச்சுதான் நடக்கும்.

நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம். எத்தனை பேர், வாடகையா சொந்தமா, ரேஷன் கார்டு எந்தக் கடையில், தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் யார், தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது. இந்த ஐந்தும் பின்னால் ஐம்பது தடவை கேட்கப்படும்.

வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை: முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, மண்வெட்டி, பாண்டு (மண் அள்ளும் சட்டி), நீளக் கைப்பிடி வைப்பர், தென்னை வாரியல், பிளீச்சிங் பவுடர், சோப்புத் தூள், தார்ப்பாய், டார்ச். உதவி செய்ய ஆள் வரும்போது இந்தப் பட்டியலையே கொடுங்கள். கேட்காவிட்டால் பழைய சேலை மூட்டைதான் வரும். எங்கள் தெருமுனையில் மூன்று மூட்டை நனைந்து மக்கி, கடைசியில் அதை அள்ளவே ஒரு வண்டி வேண்டியிருந்தது. அதே நேரத்தில் ஒரு வைப்பருக்காக ஆறு வீடு காத்திருந்தது.

2. தண்ணீர் எங்கே போகும் என்று பார்த்துவிட்டு மோட்டார் வையுங்கள்

டீசல் மோட்டார் வந்ததும் எல்லோரும் கேட்பது 'எங்கே வைக்கலாம்' என்றுதான். கேட்க வேண்டியது 'எங்கே விடலாம்' என்பது. நிரம்பி நிற்கும் வாய்க்காலில் விட்டால் அடுத்த தெரு வழியாகச் சுற்றி அதே தண்ணீர் திரும்பி வரும். ஒரு ராத்திரி முழுக்க டீசல் எரித்துவிட்டுக் காலையில் பார்த்தால், சுவரில் போட்ட கோட்டிலிருந்து தண்ணீர் இரண்டு விரல்கூட இறங்கவில்லை.

தூத்துக்குடி தட்டையான ஊர். நகரத்துத் தண்ணீரின் பெரும்பங்கு பக்கிள் ஓடை வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் ஓடை மெதுவாக இழுக்கும், வற்றும் நேரத்தில் வேகமாக இழுக்கும். எந்த நேரம் எது என்று திரேஸ்புரம் மீனவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். டீசல் குறைவாக இருந்தால் வற்றும் நேரத்துக்கு மிச்சம் பிடியுங்கள்.

கோபத்தில் சாலையை வெட்டாதீர்கள். வெட்டினால் உங்கள் தண்ணீர் யாருடைய வாசலுக்குப் போகும் என்பதை மாநகராட்சிப் பொறியாளர் வந்து மட்டம் பார்த்துச் சொல்லட்டும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் கீழ்த்தெருக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு வெட்டுவது முறை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. வெளியே நிலம் ஊறிக் கிடக்கும்போது தரைக்கடியில் இருக்கும் சம்ப்பையும் செப்டிக் டேங்கையும் ஒட்ட இறைக்கக் கூடாது. சுற்றியுள்ள ஊற்றுநீர் காலியான தொட்டியைக் கீழிருந்து மேலே தள்ளும். பிளாஸ்டிக் தொட்டி மிதந்து வெளியே வந்துவிடும், செங்கல் தொட்டியின் அடித்தளம் வெடிக்கும். பக்கத்தில் கிணறு இருந்தால் அதன் மட்டத்தைப் பாருங்கள். அது தொட்டியின் அடிக்குக் கீழே இறங்கும்வரை பொறுங்கள். அதுவரை வெளியே வைத்த டிரம்மில்தான் புழக்கம். தரைக்கடியில் தளம் உள்ள கட்டடத்துக்கும் இதே கணக்குதான்: ஒரே நாளில் இறைக்காமல் நாளுக்கு மூன்றில் ஒரு பங்காக இறக்குங்கள்.

3. கரண்ட்: வீட்டுக்குள் போகும் முன்

தெருவில் மின்சாரம் இல்லை என்பதால் உங்கள் வீட்டில் இல்லை என்று ஆகாது. இன்வெர்ட்டர் தண்ணீருக்குள்ளிருந்தே வேலை செய்யலாம். கூரையில் சோலார் இருந்தால் பகல் முழுக்க அது மின்சாரம் தந்துகொண்டிருக்கும். மெயின் சுவிட்ச் எட்டும் இடம் காய்ந்திருந்தால் மட்டும் நிறுத்துங்கள். தண்ணீரில் நின்றபடி கை வைக்க வேண்டாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு கூப்பிட்டால் ஆள் வருவது சுலபம்.

தண்ணீர் வடிந்ததும் வயர்மேன் வந்து மூழ்கிய சுவிட்ச் பெட்டிகளை எல்லாம் திறந்து காயவிட வேண்டும். திறக்காமல் விட்டால் உள்ளே சகதி ஒரு வாரம் ஈரமாகவே இருக்கும். டெஸ்டரில் விளக்கு எரிகிறது, சரியாகிவிட்டது என்று சொல்கிற ஆளை நம்பாதீர்கள். டெஸ்டர் கரண்ட் இருப்பதைத்தான் காட்டும், கசிவதைக் காட்டாது. கசிவு பார்க்க மெக்கர் என்ற சோதனைக் கருவி வேண்டும். மாடியும் கீழும் தனித்தனி லைன் என்றால் கீழ் லைனைக் கழற்றிவிட்டு மாடிக்கு மட்டும் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோன் சார்ஜ் செய்ய ஒரு மாடி கிடைத்தால் தெருவே பிழைத்துக்கொள்ளும்.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்சி எதையும் 'ஓடுதா பார்ப்போம்' என்று போடாதீர்கள். காய்ந்த பிறகு சரிசெய்யக் கூடியது, ஈரத்தில் போட்ட ஒரு நொடியில் புகைந்து போகும்.

4. வாரியலுக்கு முன் கேமரா

உள்ளே போனதும் கை பரபரக்கும். தங்கள் வீட்டைச் சகதியில் பார்க்க யாருக்கும் பொறுக்காது. கேஸ் வாடை வருகிறதா, பாம்பு இருக்கிறதா என்று கம்பால் தட்டிப் பாருங்கள், ஜன்னலைத் திறங்கள். அதன்பின் அரை மணி நேரம் எதையும் நகர்த்தாமல் படம் எடுங்கள்.

ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் எடுங்கள். சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டை, பக்கத்தில் டேப்பையோ அளவுகோலையோ பிடித்து எடுங்கள். மின்சாதனங்களின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர், வண்டியின் நம்பர் பிளேட், கடை என்றால் சரக்கு அடுக்கும் இருப்புப் புத்தகமும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நம்பர் தெரியாமல் போகும். டாக்குமெண்ட்டாக வெளியூர் உறவினருக்கு அனுப்பிவையுங்கள். உங்கள் ஃபோன் எந்த நேரமும் தண்ணீரில் விழலாம்.

காப்பீடு இருந்தால் அன்றைக்கே நிறுவனத்துக்கு ஃபோன் செய்து புகார் எண் வாங்குங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை கழிவைக்கூடத் தூரப் போடாதீர்கள். பக்கத்து வீட்டில் நாறுகிறது என்று மெத்தையும் சோபாவும் முதல் நாளே குப்பை வண்டியில் ஏறின. இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டபோது அந்த அக்காவிடம் சொல்ல ஒன்றுமில்லை. நாற்றம் தாங்காவிட்டால் படம் எடுத்து, துணியில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டு, சாமானை வாசலில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

5. சகதி: ஈரமாக இருக்கும்போதே

காய்ந்துவிட்டால் அது சகதி இல்லை, சிமெண்ட். தண்ணீர் வடிந்த அன்றும் மறுநாளும் பாண்டு பாண்டாக அள்ளிவிட்டால் மீதியைக் கழுவ நான்கு குடம் போதும். மூன்று நாள் விட்டால் கடப்பாரை தேடுவீர்கள். சாமான் கழுவுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், தரைதான் முதலில். கடைசி அறையிலிருந்து வாசலை நோக்கி, சுவரில் மேலிருந்து கீழே. எதிர்த்திசையில் செய்தால் கழுவிய இடத்தில் மறுபடி சகதி மிதிபடும்.

அள்ளியதை வாய்க்காலில் தள்ளுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. எல்லோரும் செய்தார்கள். நானும் முதல் நாள் செய்தேன். வீடு சுத்தமாகிவிடும், வாய்க்கால் முழங்கால் உயரத்துக்கு அடைத்துக்கொள்ளும். அடுத்து ஒரு சின்ன மழை பெய்தாலே தண்ணீர் தெருவில் நிற்கும்.

அதனால் தெருவின் ஒரே பக்கத்தில் மூன்று குவியல்: மண், மக்கும் குப்பை, மின்சாதனமும் மரச்சாமானும். கலந்து கிடந்தால் டிப்பர்காரர் எடுக்க மாட்டார், எடுத்தாலும் கொட்டும் இடத்தில் திருப்பி அனுப்புவார்கள். மறுபக்கம் வண்டி வரும் அளவுக்குக் காலியாக இருக்கட்டும். ஊறிய அரிசி மூட்டை முதலில் போக வேண்டும். இரண்டாம் நாளிலேயே அது புளித்து ஈயும் எலியும் சேரும்.

சகதி போன தரையையும் சுவரின் கீழ்ப்பகுதியையும் சோப்புத் தண்ணீரால் தேய்த்த பிறகுதான் பிளீச்சிங். சேற்றின் மேல் பவுடர் தூவுவது வெள்ளையாகத் தெரிவதற்கு மட்டுமே உதவும். மருந்தின் வேகத்தைச் சேறே தின்றுவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம், அதாவது வாளிக்குப் பத்து லிட்டர் என்றால் 150 கிராம். கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரால் துடையுங்கள். கழிவறை ஆசிடோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் ஆளைச் சாய்த்துவிடும்.

மரக்கதவு ஊதி நிலையில் சிக்கிக்கொள்ளும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்க வேண்டாம். காய்ந்ததும் தேக்கும் வேம்பும் பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடும். இழைத்த கதவில் அப்போது விரல் நுழையும் இடைவெளி இருக்கும். பிளைவுட் அப்படியில்லை. அது ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டால் போனது போனதுதான்.

சுவருக்கு வெள்ளையடிக்கும் ஆசையையும் அடக்குங்கள். வெள்ளத்துக்கும் பொங்கலுக்கும் ஒரு மாதம்கூட இல்லை, பொங்கலுக்கு அடிக்காமல் எப்படி என்று பலர் அடித்தார்கள். சித்திரை வருவதற்குள் இடுப்பளவு வரை உரிந்து உப்புப் பூத்தது. செங்கல் குடித்த தண்ணீர் வெளியேற மாதங்கள் ஆகும். பெயிண்ட் அந்த வழியை அடைத்துவிடும். பண்டிகைக்கு வேண்டுமானால் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளுங்கள், அது மூச்சுவிடும்.

6. குடிதண்ணீர்: மோட்டார் பட்டனைத் தொடாதீர்கள்

பெரும்பாலான வீடுகளில் மேல்தொட்டிக்கு வெள்ளம் எட்டியிருக்காது. அதில் உள்ள தண்ணீர் நல்ல தண்ணீர். கரண்ட் வந்த குஷியில் மோட்டாரைப் போட்டால் சம்ப்பில் புகுந்த சாக்கடை நீர் மேலே ஏறி, இருந்த நல்ல தண்ணீரையும் குழாய்களையும் கெடுத்துவிடும். கரண்ட் வருவதற்கு முன்பே மோட்டார் ஒயரைக் கழற்றிவிடுவது உத்தமம். மூழ்கிய மோட்டாரைக் காயவைத்துப் பார்க்காமல் போட்டால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் வேறு எரியும்.

சம்ப்பைக் கழுவ, இரண்டாம் பகுதியில் சொன்னபடி வெளி நீர்மட்டம் இறங்கிய பிறகு தொடங்குங்கள். உள்ளே இறங்குகிறவர் தனியாக இறங்கக் கூடாது. மூடியை முதல் நாளே திறந்து வைத்து, வெளியே ஓர் ஆள் கயிறு பிடித்திருக்க வேண்டும். உள்ளே மயங்கியவரைத் தூக்கக் குதிக்கிறவரும் மயங்கிவிடுவார்; எத்தனையோ தொட்டிகளில் இரண்டு இரண்டு பேராகச் செத்தது அப்படித்தான். பெட்ரோல், டீசல் பம்ப்பை ஒருபோதும் தொட்டிக்குள்ளே இறக்காதீர்கள், புகையே கொன்றுவிடும்.

கழுவி முடித்ததும் தண்ணீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் விடுங்கள். இது தொட்டிக்கான மருந்து, குடிக்கும் தண்ணீர் அல்ல. முழுவதையும் இறைத்துக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். இப்போது ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம், ஒரு மணி நேரம் காத்திருப்பு, பிறகு புழங்கலாம். குடிப்பதற்குக் காய்ச்சியே ஆக வேண்டும்.

கிணற்றுக்கு அளவு கணக்கிடுவதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 785ஆல் பெருக்குங்கள். எல்லாம் மீட்டரில் இருந்தால் விடை லிட்டரில் வரும். ஒன்றரை மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 5,300 லிட்டர். அதற்கு முதல் மருந்து சுமார் 800 கிராம், இறைத்து ஊறிய பிறகு போடுவது 21 கிராம். 'ரெண்டு கை போடு' என்றால் ஒரு கிணற்றில் கண் எரியும், அடுத்த கிணற்றில் ஒன்றும் சாகாது.

திறந்து கிடந்த பழைய பவுடரில் குளோரின் போயிருக்கும். நல்ல பவுடர் என்றால் மூக்கருகே கொண்டுபோகாமல் தூரத்திலேயே வாடை குத்த வேண்டும். சுகாதார ஆய்வாளரிடம் குளோரின் பார்க்கும் சிறு கருவி இருக்கும், தெருவுக்கு வரும்போது உங்கள் குழாயிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

7. காய்ச்சல், மாத்திரை, கொசு

வெள்ளத்தில் மாத்திரைப் பட்டையும் சீட்டும் சேர்ந்து போயிருக்கும். சுகர், பிரஷர், வலிப்பு மாத்திரைகள் நின்றுபோனவர்களை முதல் நாளிலேயே கண்டுபிடியுங்கள். மாத்திரையின் பெயர் தெரியாவிட்டால் பழைய மருந்துக்கடை பில், மகன் ஃபோனில் இருக்கும் படம், எதிலாவது கிடைக்கும். 104க்கு ஃபோன் செய்து ஆலோசனை கேட்கலாம்; முடியாத நிலை என்றால் 108.

சகதி அள்ளியவருக்குக் காலில் சிறு கீறல் இருந்தாலும் டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டுக்கொள்ளட்டும். ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சகதியில் வேலை செய்தேன் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். தடுப்பு மாத்திரை உண்டு, ஆனால் மருத்துவ முகாமில் கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அது வேறு கணக்கு.

கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஐந்தாம் நாளிலேயே தெருவில் கிடக்கும் சிரட்டை, டயர், உடைந்த பக்கெட் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது. பிறகு புகை அடிப்பது கண்துடைப்புதான்.

8. நனைந்த காகிதங்களும் நிவாரணமும்

நனைந்த பத்திரத்தை வெயிலில் போட்டால் சுருண்டு மை வெளுத்துப் போகும். பக்கங்களை இழுத்துப் பிரித்தால் கிழியும். நிழலில், மின்விசிறிக் காற்றில், பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத்தாள் வைத்து, அடிக்கடி தாள் மாற்றிக் காயவையுங்கள். ஒரே நாளில் பார்க்க முடியாத அளவு இருந்தால் பாலித்தீன் பையில் போட்டு, கரண்ட் உள்ள யார் வீட்டு ஃப்ரீசரிலாவது வைத்துவிடுங்கள். பூஞ்சை பிடிக்காது, நிதானமாக ஒவ்வொன்றாக எடுக்கலாம். ஈரத்தோடு லேமினேஷன் செய்ய வேண்டாம். நனைந்த ரூபாய் நோட்டைக் காயவைத்து வங்கியில் மாற்றிக்கொள்ளலாம். ஒட்டியிருந்தால் நீங்களே பிரிக்காதீர்கள்.

தொலைந்தவற்றில் முதலில் ஆதார், பிறகு ரேஷன் கார்டு, பிறகு வங்கிப் புத்தகம். முந்தியது இருந்தால் பிந்தியது சுலபம். நிலப் பத்திரத்துக்குப் பதற வேண்டாம்: பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும், பட்டாவும் வில்லங்கச் சான்றும் இணையத்திலேயே எடுக்கலாம். பிள்ளைகளின் மதிப்பெண் சான்றுக்குப் படித்த பள்ளியிலிருந்து தொடங்குங்கள்.

2023இல் அதிகம் பாதித்த பகுதிகளின் குடும்பங்களுக்கு ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் வந்தது. கார்டை வைத்துக் கொடுக்கும் எந்த உதவியிலும் விடுபடுகிறவர்கள் ஒரே மாதிரியானவர்கள்தான்: கார்டு சொந்த ஊரில் இருக்கும் வாடகைக்காரர், வேலைக்கு வந்த வெளிமாநிலத்தவர், ஒரே கார்டில் இருக்கும் மூன்று குடும்பம். அதற்குத்தான் நோட்டில் அந்தக் கேள்வி. விடுபட்டவர்களின் மனுவை ஒவ்வொருவராகக் கொடுக்காமல் தெருவாரியாகப் பட்டியலிட்டு, வி.ஏ.ஓ.விடம் ஒரு பிரதியும் தாசில்தார் அலுவலகத்தில் ஒரு பிரதியும் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனுவுக்கு அடுத்த முறை போகும்போது தடயமே இருக்காது.

9. வண்டி

மூழ்கிய வண்டியில் சாவி போடாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் உள்ளே பிஸ்டனைத் தள்ளும் கம்பி வளையும். அதுவரை காப்பீட்டில் வரக்கூடியது, நீங்களே செய்த சேதம் என்று தள்ளப்படவும் வாய்ப்புண்டு. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, படம் எடுத்து, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் வராது. அவர்கள் சர்வேயருக்குக் காத்திருக்காமல் மெக்கானிக்கிடம் வரிசை பிடிக்கலாம்.

10. நோட்டை மூடும் முன்

இரண்டு மாதத்தில் தெரு பழைய மாதிரி ஆகிவிடும், நான்கு பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நோட்டில் உள்ள தண்ணீர் உயரங்களை எடுத்து, தெருவின் இரண்டு முனையிலும் நடுவிலும் சுவரில் ஆணி அடித்து அடையாளம் வையுங்கள். பெயிண்ட் வேண்டாம், எங்கள் தெருவில் அடித்த கோட்டை அடுத்த தேர்தலுக்குச் சுவர் விளம்பரம் எழுதியவர்கள் மறைத்துவிட்டார்கள்.

அன்றைக்கே வாய்க்கால் மூடிகளைத் திறந்து, நாம் தள்ளிய மண் எவ்வளவு என்று அளந்து, மாநகராட்சிக்கு எழுதுங்கள். தூர்வாரும் வேலையைப் புரட்டாசிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் மண்ணை அள்ளிக் கரையில் வைப்பார்கள், அன்று ராத்திரி மழையில் அது மறுபடி உள்ளேயே போகும். மாத்திரைப் பெயர்கள் உள்ள பக்கங்களை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, நோட்டை மாடி உள்ள வீட்டில் கொடுத்துவையுங்கள்.